கோவிவன் என்றொரு நாய்

பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போன இடத்தில் ஒருவன் செத்துப்போனான். பெயர் கருந்தேவக்கத்தி. பெரிய ஆளெல்லாம் இல்லை. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரிடம் சேவகத்தில் இருந்தவன். அவனுக்கு ஒரு கல் நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் இருக்கிறது அந்த நடுகல்.

கல்லில் வீரனின் உருவம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. யார் ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எப்படி இறந்தான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு முடித்திருக்கலாம், அந்தக் காலத்து நடுகற்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. இந்தக் கல்லில் நாய்க்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. கோவிவன் என்னும் நாய், கள்ளனைக் கடித்துக் காத்திருந்ததைச் சொல்லும் வரி.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி அது. கிட்டத்தட்ட 1400 வருஷம். ஒரு நாயின் பெயர் அத்தனை வருஷம் தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது. முதல்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கோவிவன். எருமைகளுக்கு நடுவே நின்று யாரோ இதைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த மகேந்திரவர்மன் பெரிய ஆள். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவன். 'மத்தவிலாசம்' எழுதியவன். சாளுக்கிய இரண்டாம் புலிகேசியோடு மல்லுக்கு நின்றவன். தேர்வில் இவன் பட்டப்பெயர்களையெல்லாம் மனப்பாடமாக எழுதியிருக்கிறோம். எடுத்தனூர்க் கல்லில் அந்தப் பெருமை எதற்கும் இடமில்லை. இன்னாருடைய 34-ஆம் ஆண்டில் நடந்தது என்று காலம் குறிப்பதற்கு மட்டும் ராஜாவின் பெயர் முதல் வரியில் வருகிறது. அவன் அங்கே சுவரில் மாட்டிய நாட்காட்டி மாதிரி. மிச்சக் கல் முழுக்க எருமைக்காரனுக்கும் அவன் நாய்க்கும்.

எனக்கு இந்த நடுகற்கள் மேல் பித்துப் பிடித்ததே இந்தக் கல்லால்தான்.

செங்கம், தண்டராம்பட்டு, அரூர், ஊத்தங்கரை என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜவ்வாது மலையும் தென்பெண்ணையும் சேர்ந்த அந்த வறண்ட பூமியில் நடுகற்கள் இறைந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-ல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது. ஆய்வாளர்கள் ஊர் ஊராக நடந்து, கல் கல்லாகப் படி எடுத்துத் தொகுத்தது. அதைப் புரட்டினால் சிம்மவிஷ்ணு காலம், மகேந்திரவர்மன் காலம் என்று ஆளாளுக்கு ஒரு சாவு. தொறு மீட்கப் போய்ப் பட்டான், தொறு கொள்ளப் போய்ப் பட்டான், புலி குத்திப் பட்டான். தொறு என்றால் மந்தை. கவர வந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போனவனுக்கும் கல் உண்டு.

மாட்டுக்காக இத்தனை சாவா என்று இன்றைக்குத் தோன்றும். அந்த மேட்டு நிலத்தில் மழையை நம்பி விதைத்தால் விளையும், விளையாமலும் போகும். மந்தைதான் நிஜமான சொத்து. அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் ஊரே ஒடுங்கிப்போகும். பல்லவர், கங்கர், வாணர் என்று எல்லோருடைய எல்லையும் இடித்துக்கொள்ளும் இடமாகவும் அது இருந்தது. பெரிய படை வருவதற்கு முன்னால் மாடுதான் போகும். மாடு கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று நாம் இலக்கணத்தில் படித்ததெல்லாம் இந்த மண்ணில் வாழ்க்கையாக நடந்திருக்கிறது. இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டுக்கொடுக்கும் வழக்கமும் இருந்தது, உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். ரத்தம் சிந்தியவனின் வீட்டுக்கு நிலம்.

கல்லை எப்படி நட வேண்டும் என்று தொல்காப்பியம் ஒழுங்கே வகுத்து வைத்திருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலை. மயில்பீலி சூட்டி, கள் படைத்துக் கும்பிட்டதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வழியில் போகிறவர்கள் அம்பைத் தீட்டித் தீட்டிப் பக்கம் மெலிந்துபோன ஒரு நடுகல் அகநானூற்றில் வருகிறது. அதிலுள்ள எழுத்தை நின்று படிக்க முடியாமல் களைப்போடு கடந்து போகிறார்களாம். இந்த இலக்கியச் செய்திகளுக்கெல்லாம் நேர்ச்சான்றாக ஒரு கல்லாவது கிடைக்காதா என்று அறிஞர்கள் வெகுகாலம் தேடினார்கள். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தது. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல். சின்னக் கல், உருவம் கிடையாது, எழுத்து மட்டும். ஊர், காரணம், பெயர். அவ்வளவுதான்.

ஆக நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நடுகல்லிலிருந்தே பெயர் முக்கியமாக இருக்கிறது. அந்தவனுக்கும் கருந்தேவக்கத்திக்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டு. எழுத்து மாறிவிட்டது, அரசர்கள் மாறிவிட்டார்கள், உருவம் செதுக்கும் வழக்கம் வந்துவிட்டது. செத்தவனின் பெயரை மறக்கக்கூடாது என்ற பிடிவாதம் மட்டும் மாறவே இல்லை. அந்தப் பிடிவாதம்தான் ஒரு கட்டத்தில் மனிதரைத் தாண்டி நாய்க்கும் கோழிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆமாம், கோழிக்கும்தான். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு கல். அதில் மனிதனே இல்லை, ஒரு சேவல் மட்டும். முகையூர் மேற்சேரிக் கோழி என்று எழுதியிருக்கிறது. மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் இன்னொரு கல். அது கீழ்ச்சேரிக் கோழி. அதற்குப் பெயரும் உண்டு, பொற்கொற்றி. இரண்டும் சேவல் சண்டையில் விழுந்தவை. எடுத்தனூர்க் கல்லை விடவும் பழையவை என்று எழுத்தமைதியை வைத்துச் சொல்கிறார்கள்.

மேற்சேரிக்காரர்களும் கீழ்ச்சேரிக்காரர்களும் எதிரெதிரே நின்று கத்திய சத்தம் எனக்கு இதில் கேட்கிறது. இன்றைக்கும் கரூர் மாவட்டம் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டிச் சேவல்கட்டு நடத்துகிறார்கள், நீதிமன்ற நிபந்தனைகளோடு. எனக்குச் சேவல் சண்டை பிடிக்காது. ஒன்றையொன்று கிழித்துக்கொள்வதைப் பார்த்து ரசிக்க என்னால் முடியாது. ஆனால் சண்டைக்கு விட்ட அதே ஊர், செத்த கோழியைக் குழம்பு வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகவில்லை என்பதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல் தேடியிருக்கிறார்கள். உளி பிடித்தவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவனை உட்கார வைத்து, எந்தச் சேரி, என்ன பெயர் என்று சொல்லியிருக்கிறார்கள். அது எங்கள் கோழி என்று பதிந்து வைத்திருக்கிறார்கள்.

கல்லில் எழுத்து வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அம்மி கொத்துகிறவர்கள் தெருவில் வந்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெறும் குழியும் கோடும் போடவே அப்பா, என்ன பாடு! தெறிக்கும் சில்லு கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உளிமுனை மழுங்க மழுங்கத் தீட்டிக்கொண்டு அடிப்பார்கள். கருங்கல்லில் ஓர் எழுத்து கூடினால் அத்தனை அடி கூடும். எடுத்தனூரில் அந்த நாய் வரியை வெட்டச் சொன்னது யார்? கருந்தேவக்கத்தியின் மனைவியா, கூட மேய்த்த கூட்டாளியா, எசமானர் பொற்றொக்கையாரா? யாரோ ஒருவர் உளிக்காரனிடம், நிறுத்தாதே, நாயைப் பற்றியும் எழுது, அதன் பெயரையும் போடு என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருவர் மேல் எனக்கு அளவு கடந்த பிரியம்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். வீரனைப் பட்டான் என்று சொல்கிற கல், நாயைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கடித்தது, காத்திருந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றிய செய்தி. அதுவும் அங்கேயே விழுந்ததா, அல்லது எசமான் விழுந்த பிறகும் கள்ளனை விரட்டிவிட்டு எருமைகளுக்கும் பிணத்துக்கும் காவலாக நின்றதா? நான் இரண்டாவதைத்தான் நினைக்கிறேன். ஊரார் தேடிக்கொண்டு வந்தபோது அது நின்ற கோலத்தைக் கண்ணால் பார்த்த யாரோதான் அந்த வரியைச் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், நாய் வளர்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு மணி இருந்தான். நம் ஊரில் பாதி நாய்க்கு மணி என்றுதானே பெயர். செவலை நிறம், ஒரு காது மடங்கியே இருக்கும். அப்பா ராத்திரி தண்ணி கட்டப் போனால் வரப்பில் முன்னால் நடப்பான். பாம்பு இருந்தால் நின்றுவிடுவான், அவன் நின்றால் அப்பாவும் நின்றுவிடுவார். அவன் செத்தபோது கிணற்று மேட்டில் முருங்கைக்குப் பக்கத்தில் அப்பாவே குழி வெட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை. அந்த நிலத்தை விற்று வெகுகாலம் ஆகிறது. இப்போது அங்கே மனைப்பிரிவு போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். மணி என்ற பெயர் என் தலைமுறையோடு போய்விடும். அதை நினைக்கும்போதெல்லாம் கோவிவன் நினைவுக்கு வந்துவிடுகிறான்.

அந்தப் பக்கத்து மக்களுக்கு நடுகல் என்பது அருங்காட்சியகச் சரக்கு இல்லை, சாமி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பல நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஊத்தங்கரையைத் தாண்டி ஒரு சிற்றூரில் புங்கமரத்தடியில் அப்படி ஒரு கல்லைப் பார்த்தேன். எண்ணெய் ஏறி ஏறிக் கருத்துப்போய், இடுப்பளவு உயரத்தில் இருந்தது. வலக்கையில் வாள், இடக்கையில் வில். காலடியில் சின்னதாக ஒரு சிமிழ். மேலே எழுத்து இருந்த இடத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. பக்கத்துக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா எழுந்து வந்தார்.

"இது என்ன சாமி ஆயா?"

"வேடியப்பன் கண்ணு."

"எப்ப வெச்சது?"

"யாரு கண்டா? எங்க மாமியா கும்பிட்டா, நான் கும்பிடறேன். மாடு கன்னு நல்லா இருக்கணும்னு பொங்க வெப்போம். கன்னு போட்டா மொத சீம்பாலு இவருக்குத்தான்."

அந்தக் கல்லில் இருப்பவன் பெயர் ஆயாவுக்குத் தெரியாது. எந்த ராஜா காலத்தில் செத்தான் என்று தெரியாது. மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவன் என்பதும் தெரியாது. ஆனால் சீம்பால் மட்டும் சரியான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். முதலில் எனக்கு வார்த்தை வரவில்லை. பிறகு, "மாடு காக்கப் போயிச் செத்தவருக்குத்தான் அந்தக் காலத்துல இப்படிக் கல்லு வெப்பாங்களாம் ஆயா" என்றேன். அவர் கல்லைப் பார்த்தார். "அப்படியா? பாவம், எந்தப் புள்ளையோ" என்றார். முந்தானையால் கல்லின் தோளில் விழுந்திருந்த சருகைத் தட்டிவிட்டார்.

கர்நாடகத்தில் ஒரு நாய்க்கல் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். நம் சரித்திரத்தோடு அதற்கு நேரடி உறவு. கி.பி. 949-ல் தக்கோலத்தில் நடந்த போர் தெரியும். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தத் தக்கோலம்தான். முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க அரசன் இரண்டாம் பூதுகன்தான் அவனைக் கொன்றவன். சோழர்களுக்கு அது பேரிடி. அதிலிருந்து அவர்கள் நிமிரப் பல பத்தாண்டு ஆனது. 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று கல்வெட்டுகள் இராசாதித்தனைக் குறிப்பிடுகின்றன.

இந்தச் சாவைச் சொல்லும் முக்கியமான சான்று மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்த ஒரு கன்னடக் கல். தக்கோலம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதை எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கல்லின் மேல்பகுதியில் என்ன செதுக்கியிருக்கிறது தெரியுமா? ஒரு நாயும் ஒரு காட்டுப் பன்றியும் கட்டிப் புரள்கின்றன. கல்லே அந்த நாய்க்காக வைத்ததுதான்.

பூதுகனின் வீரர்களில் மணலேரன் என்று ஒருவன். போரில் காட்டிய தீரத்துக்காக என்ன வேண்டும் கேள் என்றபோது, காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கினான். பிறகு ஒருநாள் ஒரு பெரிய காட்டுப் பன்றிமேல் காளியை ஏவினான். பன்றியும் செத்தது, காளியும் செத்தது. மணலேரன் ஆதகூர்க் கோயிலுக்கு முன்னால் கல் நட்டு, அதற்கு நிலமும் விட்டான். கோயில் பூசாரிக்கு ஒரு கட்டளையும் அதில் இருக்கிறது. இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் அவர் சாப்பிட்டால் நாய் செய்த பாவமெல்லாம் அவரைச் சேரும்.

ஊரோ பொன்னோ கேட்டிருக்கலாம். நாயைக் கேட்டான். அந்த நாய்க்கு வைத்த கல்லில், ஒரு சோழ இளவரசனின் சாவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. நம் பாடப் புத்தகத்தில் இளவரசனின் கதை உண்டு, நாயைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காளியின் கதையைச் சொல்லித் தக்கோலத்தைக் கற்பித்தால் ஒருத்தரும் மறக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வருத்தமான செய்தியும் உண்டு. இந்தக் கற்களுக்கு இன்று ஆபத்து அதிகம். சாலை அகலப்படுத்தும்போது மண்ணோடு புரட்டிப் போடுகிறார்கள். துணி துவைக்கவும் வாய்க்கால் மேல் பாலமாகவும் சிலது போய்விட்டது. பக்தியால் வரும் கேடு வேறு. நாலு பேர் காசு போட்டுப் பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுகிறார்கள், எழுத்துக்குழி நிரம்பிவிடும். இன்னும் சிலர் பழசு தெரிய வேண்டும் என்று உப்புக்காகிதம் போட்டும் ஆசிட் ஊற்றியும் தேய்க்கிறார்கள். தேய்த்த எழுத்து போனது போனதுதான்.

உங்கள் ஊர்ப்பக்கம் உருவம் வெட்டிய கல் ஏதாவது வயலிலோ ஏரிக்கரையிலோ இருந்தால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசுங்கள். அது அவர்கள் சாமி, அவர்கள் சம்மதம் இல்லாமல் கை வைக்க வேண்டாம். புழுதி துடைக்கத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும், வேறு எதுவும் வேண்டாம். எழுத்து தெரிந்தால் படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கோ பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். தருமபுரிக்காரர்கள் அங்கே இருக்கும் அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வரிசையாக நிற்கும் நடுகற்களைத் தொடாமல் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

நாயோ கோழியோ காளையோ செதுக்கிய கல் என்றால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கிளம்பி வருகிறேன். படம் எடுப்பதானால் உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், எழுத்து ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிக்கோ சாயங்காலம் ஐந்து மணிக்கோ, வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். அப்போதுதான் குழியில் நிழல் தங்கி, தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும்.